தாமோதரசாமி நின்ற இடம்

ரேணுகாதேவிக்கு வயது முப்பத்து நான்கு. அவருடைய ஒரே சீடருக்கு வயது அறுபத்து இரண்டு. சீடரின் பெயர் சென்னியப்பன்.

கோயம்புத்தூரில் ஒரு டென்னிஸ் கிளப். நான்கு செம்மண் ஆடுகளங்கள். கடைசி களத்தை ஒட்டி ஓர் அறை, அதற்கு ஒரு பெரிய ஜன்னல். அந்த அறையில்தான் ரேணுகாதேவி டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு பின்னித் தருகிறார். ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவர். வலது முழங்கை கெட்டுப்போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, நரம்பு இழுக்கும் எந்திரத்தின் முன்னால் வந்து நின்றுகொண்டார். கிளப்பில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

சென்னியப்பன் முப்பத்தொரு வருடம் நூற்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவர். நூலின் முறுக்கு எவ்வளவு, எத்தனை கிராமில் அறுகிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று இதே வேலை. ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பினார்கள். மனுஷன் வீட்டுக்கு வந்துவிட்டார், புத்தி வரவில்லை. ஏற்கெனவே பாதி நேரம் டென்னிஸ் மட்டையின் மேல் இருந்த அது, இப்போது முழுசாக அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இன்றைக்கு அவரிடம் ஏழு மட்டைகள் இருக்கின்றன. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போல ஒரு குட்டித் தராசு இருக்கிறது. பெரிய கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் இருக்கிறது. மட்டையின் எடையில் அரை கிராம் ஏறினாலும் அந்த நோட்டுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் அந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னையும் சீடனாச் சேர்த்துக்குங்க மாஸ்டர்."

"உங்களுக்கு எங்கப்பா வயசுங்க சார்."

"அப்படின்னா அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சுக்கறோம்."

ரேணுகாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் எப்படி மறுப்பது? சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் சீடர் நாற்பத்தொரு கேள்வி கேட்டார். இரண்டாம் நாள் மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. அதற்கு மேல் கேட்டால் அடுத்த நாளைக்கு.

சென்னியப்பன் சொன்ன சொல் தவறாதவர். ஒரு நாளைக்கு ஒரே கேள்விதான் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதினோரு கிளை இருக்கும், அது வேறு விஷயம்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் அவர் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஃபைனல் மாஸ்டர்."

"தெரியுமுங்க சார். அறுபது வயசுக்கு மேல, டபுள்ஸ். நீங்களும் தாமோதரசாமி சாரும்."

"அவனுக்கு அதுதான் கடைசி ஆட்டம்."

தாமோதரசாமி தண்ணீர் பம்பு செய்து விற்பவர். சென்னியப்பனும் அவரும் ஜோடி சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. மூன்று தடவை ஃபைனல் வரை போயிருக்கிறார்கள். மூன்று தடவையும் பக்கத்தில் நின்று அடுத்தவர் கோப்பை வாங்குவதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். இப்போது தாமோதரசாமியின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஞாயிறு கழித்து புதன்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நடக்கலாம், படி ஏறலாம், களத்தில் இறங்கி ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தாமோதரசாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "ஓடற பம்பு தேயத்தானப்பா செய்யும், வாஷர் மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு வடை தின்னப் போய்விட்டார். சென்னியப்பனால்தான் அப்படி விட முடியவில்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பையைத் தன் சிநேகிதன் கையில் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"இன்னைக்குக் கேள்வி என்னங்க சார்?"

"எந்த ஸ்ட்ரிங் போட்டா நாங்க ஜெயிப்போம்?"

ரேணுகாதேவி கத்தரியை எடுத்தார். அலமாரியைத் திறந்து மூன்று சுருள்களிலிருந்து ஒவ்வொரு முழம் வெட்டினார்.

"கண்ணை மூடிக்குங்க. கைய நீட்டுங்க."

சென்னியப்பன் நீட்டினார். மூன்று நரம்புகளையும் விரலுக்கு நடுவில் உருட்டினார், வளைத்தார், நகத்தால் சுரண்டினார்.

"இது பாலியஸ்டர். வெறப்பா இருக்குது. பந்து சொன்ன பேச்சு கேக்கும், கை வலிக்கும். இது நைலான், உள்ளுக்குள்ள நூத்துக்கணக்குல இழை இருக்குது. மெத்துனு இருக்கும், சீக்கிரம் பிஞ்சு போகும். இது மாட்டுக் குடல்ல பண்ணுனது. இதுதான் ராஜா. மழை பட்டா கெட்டுப் போயிரும்."

"ஒண்ணு கூடத் தப்பில்லீங்க சார்."

சென்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

"அப்ப இதுல எது நல்லதுங்க?"

"அது ரெண்டாவது கேள்விங்க. நாளைக்கு வாங்க."

நாளைக்கு வரும்வரை பொறுத்திருக்க அவரால் முடியுமா? அன்றே பாலியஸ்டர் போடச் சொன்னார், ஐம்பத்தாறு பவுண்டு இழுப்பில். நரம்பு இழுத்துக் கட்டிய முரசு போல விறைத்துக்கொண்டது. மாலையில் ஆடிப் பார்த்தார். அடிக்கிற பந்தெல்லாம் எதிர்க்களத்தின் பாதியிலேயே விழுந்தது.

செவ்வாய்க்கிழமை இழுப்பைக் குறைக்கச் சொன்னார். நாற்பத்தெட்டு பவுண்டு, நைலான். பந்து பறந்தது. முதல் பந்து பின்பக்கக் கம்பிவேலியில் போய் மோதியது. இரண்டாவது பந்து வேலியையும் தாண்டி, பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காயவைத்த வடகத்துக்கு நடுவில் விழுந்தது. அந்த வீட்டு அம்மா பந்தைத் திருப்பிக் கொடுத்தார், கூடவே நான்கு வார்த்தையும் கொடுத்தார்.

புதன்கிழமை எடையில் கை வைத்தார். மட்டையின் தலையில் ஈயப் பட்டை ஒட்டினால் அடி பலமாக விழும் என்பது அவருக்குத் தெரியும். ஆறு கிராம் ஒட்டிக்கொண்டு போனார். சர்வீஸ் போடக் கையை ஓங்கினார். மட்டை அவரையும் இழுத்துக்கொண்டு போய் அரை வட்டம் சுற்றியது. நின்றபோது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஏப்பா சென்னியப்பா, எதிராளி அந்தப் பக்கம் இருக்காங்க" என்றார் தாமோதரசாமி. களத்தில் இருந்த நான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் நோட்டில் எழுதினார்.

வியாழக்கிழமை ஈயத்தைத் தலையிலிருந்து எடுத்து இரண்டு பக்கவாட்டிலும் மூன்று மூன்று கிராமாக ஒட்டினார். பிறகு கைப்பிடியின் தோலைப் பிரித்து உள்ளே நான்கு கிராம் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஒட்டினார்.

ரேணுகாதேவி எதற்கும் தடை சொல்லவில்லை. கேட்டதைப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மட்டையின் கழுத்திலும் என்ன நரம்பு, என்ன இழுப்பு என்று சிறிய காகிதம் ஒட்டி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன் வந்து நோட்டை மேசைமேல் விரித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாஸ்டர், இதப் பாருங்க. பத்தொன்பது வருசக் கணக்கு."

"சொல்லுங்க சார்."

"இருபத்து மூணு விதமா மாத்தியிருக்கேன். ஸ்ட்ரிங், இழுப்பு, எடை எல்லாம். ஆனா ரிசல்ட்டப் பாருங்க. பத்து ஆட்டம் ஆடுனா ஆறு ஜெயிக்கறோம், நாலு தோக்கறோம். டைட்டாப் போட்டாலும் ஆறு, லூஸாப் போட்டாலும் ஆறு. இந்த வாரம் கூடப் பாருங்க, பந்து பாதியில விழுந்த அன்னைக்கும் ஆறுக்கு நாலு, வடகத்துல விழுந்த அன்னைக்கும் ஆறுக்கு நாலு."

"உம்."

"மில்லுல பஞ்ச மாத்துனா நூல் மாறோணுமுங்க. மாறலீன்னா நடுவுல எங்கியோ ஒண்ணு எனக்குத் தெரியாம வேலை செய்யுதுன்னு அர்த்தம். அது எதுங்க மாஸ்டர்?"

நரம்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ரேணுகாதேவி கையை நிறுத்தினார்.

"நல்ல கேள்விங்க சார்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மாஸ்டர் இப்படிச் சொல்கிறார். சென்னியப்பன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் நீங்க ஆட வேண்டாம்" என்றார் ரேணுகாதேவி. "இதோ இந்த ஜன்னல்கிட்ட என் நாற்காலில உக்காருங்க. உங்களுக்குப் பதிலா தாமோதரசாமி சார்கூட நான் ஆடறேன். உங்க ராக்கெட்டுல மூணு குடுத்துட்டுப் போங்க."

"உங்க முழங்கை?"

"இடது கைல ஆடறேன். கோணல் மாணலாத்தான் வரும். பரவாயில்லீங்க."

"நான் என்னங்க பண்ணோணும்?"

"பந்தப் பார்க்காதீங்க."

மாலை ஐந்து மணிக்குச் சென்னியப்பன் ஜன்னலருகே உட்கார்ந்தார். மடியில் நோட்டு, காதில் பென்சில். ரேணுகாதேவி மட்டைகளின் கழுத்தில் ஒட்டியிருந்த காகிதங்களைப் பிய்த்துவிட்டுக் களத்துக்குப் போனார். எதிர்ப்பக்கம் வழக்கமாக ஆடும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"இன்னைக்கு நம்ம ஜோடி மாறிப் போச்சுங்களே மாஸ்டர்" என்றார் தாமோதரசாமி. "எங்க அவன்?"

"சாருக்கு வேற வேலை குடுத்திருக்கேனுங்க."

"அப்படிங்களா. அந்த ராக்கெட்டக் கொஞ்சம் குடுங்க."

ரேணுகாதேவி கொடுத்தார். தாமோதரசாமி மட்டையை வாங்கி, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். நரம்பு கீச்சென்று உயர்ந்த குரலில் சத்தம் கொடுத்தது. "நல்லா இருக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். போய் வலைக்கு முன்னால் நின்றார். நின்றவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

சென்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் தாமோதரசாமி இப்படித்தான் அவருடைய மட்டையை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதப்பா என்று திருப்பிக் கொடுப்பார். வாழ்த்தித் தருகிறான் என்று இவர் நினைத்திருந்தார். சில நாள் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறார்.

ஆட்டம் தொடங்கியது. ரேணுகாதேவி இடது கையால் அடித்தார். விறைத்த நரம்பு. பந்து எதிர்க்களத்தின் பாதியிலேயே விழுந்தது. அப்படி விழுந்தால் எதிராளிக்குக் கொண்டாட்டம். முன்னால் ஏறி வந்து, வலைக்கருகே நிற்பவரின் நெஞ்சுக்கே அடிப்பார். எதிராளி ஏறி வந்தார், அடித்தார். ஆனால் தாமோதரசாமி ஏற்கெனவே இரண்டு அடி பின்னால் இருந்தாரே. பந்தை நிதானமாக வாங்கித் திருப்பிப் போட்டார்.

நான்கு ஆட்டம் முடிந்ததும் ரேணுகாதேவி மட்டையை மாற்றினார். மறுபடியும் தாமோதரசாமி வந்து கை நீட்டினார். தட்டினார். இந்த நரம்பு தொளதொளவென்று அடித்தொண்டையில் பேசியது. தாமோதரசாமி போய் வலையை ஒட்டி நின்றுகொண்டார். பந்துகள் ஆழமாகப் போய் விழுந்தன. எதிராளிகள் பின்னங்காலில் தடுமாறி எதையோ தூக்கிவிட, வலையருகே காத்திருந்த தாமோதரசாமி மேலிருந்து அறைந்தார்.

மூன்றாவது மட்டையை ரேணுகாதேவி வேண்டுமென்றே காட்டாமல் எடுத்துக்கொண்டு போய் பின்கோட்டில் நின்றார். தாமோதரசாமி திரும்பிப் பார்த்தார். வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்தார்.

"அதையும் கொஞ்சம் குடுங்க. தட்டிப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

தட்டினார். திரும்பி நடந்தார். இந்தத் தடவை வேறொரு இடத்தில் நின்றார்.

சென்னியப்பனின் பென்சில் நோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எண் எதுவும் எழுதவில்லை. களத்தைப் போல ஒரு கட்டம் வரைந்து, அதில் தாமோதரசாமியின் கால் வைக்கும் இடமெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பக்கம் அம்மை போட்டது போல நிறைந்துவிட்டது. அந்தத் தேய்ந்த முழங்கால் எத்தனை தடவை முன்னால் போகிறது, எத்தனை தடவை பின்னால் வருகிறது! மாஸ்டர் அடிப்பதற்கு முன்னாலேயே, தட்டிக் கேட்ட சத்தத்தை வைத்தே அந்த அடி எங்கே போய் விழும் என்று தெரிந்தவராய், அரை அடி, ஒரு அடி நகர்ந்துகொண்டே இருந்தார். அவ்வளவு நேரமும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

நூற்பாலையில் நூல் சுற்றும் எந்திரத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். நூல் இறுகினால் தாழும், தளர்ந்தால் உயரும். அது இருப்பதால்தான் நூல் அறுவதில்லை. எந்திரம் நன்றாக ஓடுகிறவரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பத்தொரு வருடம் அதைத் தொட்டுத் துடைத்துச் சரிபார்த்த மனுஷனுக்கு, பக்கத்திலேயே நின்ற ஒருவனைத் தெரியாமல் போய்விட்டது.

சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதையெல்லாம் விடச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் அவருக்குப் புரியவில்லை.

ஆட்டம் முடிந்தது. ஆறுக்கு நாலு. தாமோதரசாமி எதிராளிகளோடு டீ குடிக்கப் போனார். ரேணுகாதேவி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், பத்தொன்பது வருசத்துல ஒரு வார்த்தை சொல்லலீங்களே அவன்?"

"நீங்க என்னிக்காவது கேட்டீங்களா சார்?"

"அவன்கிட்ட நான் பேசாத நாளே இல்லீங்க."

"எதைப் பத்தி?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஸ்ட்ரிங்கைப் பற்றி என்று சொல்ல வந்து, மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் அறை வாசலில் நின்றார். ஏழு மட்டைகளில் ஒன்றை மட்டும் எடுத்து வந்திருந்தார். தராசு வரவில்லை.

"மாஸ்டர், இன்னைக்குக் கேள்விங்க. என் ராக்கெட்டுல என்ன பண்ணுனா தாமோதரன் கம்மியா நடப்பான்?"

ரேணுகாதேவி மட்டையை வாங்கிக்கொண்டார். பழைய நரம்பைக் கத்தரித்துப் போட்டார். ஒரு மெத்தென்ற நரம்பை எடுத்து எந்திரத்தில் பூட்டினார்.

"உங்க பந்து ஆழமா விழுந்தா அவரு வலைய விட்டு நகர வேண்டியதில்லீங்க. அதனால இழுப்பக் கொஞ்சம் குறைக்கறேன். வடகத்துக்குப் போற அளவுக்கு இல்லீங்க."

"சரிங்க."

"இன்னைக்கு ஒரு நாள் இப்படியே இருக்கட்டும். புது நரம்பு கொஞ்சம் தளர்ந்து அதுக்குண்டான இடத்துல வந்து நிக்கோணும். நீங்க எதையும் தொடக் கூடாது."

"தொட மாட்டனுங்க."

"ஈயத்தையெல்லாம் எடுத்தர்றேன்."

"எல்லாத்தையுமா? ரெண்டு கிராமாவது..."

"வேண்டாமுங்க. லேசா இருக்கட்டும். நாளைக்கு ஓடப் போறது நீங்கதானுங்களே?"

சென்னியப்பன் சிரித்துவிட்டார். மாஸ்டரும் சிரித்தார். ஈயப் பட்டைகள் ஒவ்வொன்றாக உரிந்து மேசைமேல் விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பே திரண்டு வந்திருந்தது. எதிர்ப்பக்கம் பொள்ளாச்சி ஜோடி. போன தடவை ஃபைனலில் இவர்களைத் தோற்கடித்தவர்கள். வடகத்து வீட்டு அம்மாகூட மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தாமோதரசாமி கேட்பதற்கு முன்னாலேயே சென்னியப்பன் மட்டையை நீட்டினார்.

"தட்டிப் பாரு."

தாமோதரசாமியின் கை பாதியில் நின்றது. "யாருப்பா சொன்னா?"

"யாரும் சொல்லல. பார்த்தேன்."

தாமோதரசாமி மட்டையை வாங்கித் தட்டினார். ஒரு தடவை கேட்டார், மறுபடியும் கேட்டார். காது வரை சிரிப்பு விரிந்தது.

"இது எனக்குப் போட்ட ஸ்ட்ரிங் மாதிரி இருக்குதே?"

"போயி வலைகிட்ட நில்லு. இன்னைக்கு அங்கிருந்து நகர்ந்தீன்னா நான் ஆட மாட்டேன்."

"அதிகாரம் பண்றதப் பாரு" என்று சொல்லிக்கொண்டே தாமோதரசாமி போய் நின்றார்.

முதல் செட் இவர்களுக்கு, ஆறுக்கு நாலு. இரண்டாவது செட் பொள்ளாச்சிக்கு, அதே ஆறுக்கு நாலு. மூன்றாவதில் இவர்கள் ஐந்துக்கு நாலு என்று முன்னால் வந்தார்கள். பத்தாவது ஆட்டத்தில், இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. இந்த இரண்டு மணி நேரத்தில் அவர் ஒரு தடவைகூட மட்டையைப் பார்க்கவில்லை. அதன் எடை எவ்வளவு என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

பொள்ளாச்சிக்காரர் பந்தைத் தாமோதரசாமியின் தலைக்கு மேல் உயரமாகத் தூக்கிவிட்டார். தேய்ந்த முழங்கால்காரனைத் திரும்பி ஓடவைக்கும் பந்து அது. தாமோதரசாமி திரும்ப முயன்றார், முழங்கால் திரும்பவில்லை. கூட்டம் ஐயோ என்றது.

ஆனால் சென்னியப்பனின் கண் தாமோதரசாமியின் காலில்தான் இருந்தது. அந்தக் கால் திரும்பாது என்பது அவருக்கு முன்னமே தெரிந்துவிட்டது. பந்து உயரே போகும்போதே களத்தின் அந்தக் கோடிக்கு அவர் ஓட ஆரம்பித்திருந்தார். அறுபத்து இரண்டு வயதில் அப்படி ஓடியதை அவர் மனைவி பார்த்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். ஓடிப் போய், விழுகிற பந்தைத் தரைக்கு ஒரு சாண் மேலே வாங்கி, திருப்பி உயரமாகப் போட்டார். பந்து போய் எதிர்க்களத்தின் கடைசிக் கோட்டில் ஆழமாக விழுந்தது. பொள்ளாச்சிக்காரர் பின்னால் சாய்ந்துகொண்டே அடித்தார். பந்து வலையில் மோதி, அந்தப் பக்கமே விழுந்தது.

ஒரு நொடி யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் கிளப்பே கத்தியது.

தாமோதரசாமி திரும்பினார். தன் முதுகுக்குப் பின்னால், தான் நிற்க வேண்டிய இடத்தில் சென்னியப்பன் இரைக்க இரைக்க நிற்பதைப் பார்த்தார்.

"ஏப்பா, நீ எப்ப அங்க வந்தே?"

"நீ திரும்பறதுக்கு முன்னாடியே."

"பத்தொன்பது வருசத்துல அந்தப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லையேப்பா!"

"வழி தெரியாம இருந்துட்டேன்."

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு செம்மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். சிரிப்பில் எது அழுகை என்று பிரிக்க முடியவில்லை. கோப்பை ஒரு சாண் உயரம்தான் இருக்கும். தாமோதரசாமி அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. பத்து நாள் கழித்துச் சென்னியப்பன் மறுபடியும் அறை வாசலுக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"எப்படி இருக்காருங்க தாமோதரசாமி சார்?"

"நர்சம்மாவுக்கெல்லாம் பம்பு ரிப்பேர் சொல்லிக் குடுத்துட்டு இருக்கான். நேத்து என்னைக் கூப்பிட்டு, ஆட்டத்த மட்டும் நிறுத்தீறாதே, நான் வெளிய சேர் போட்டு உக்காந்து பார்க்கோணும்னு சொல்லீட்டான். கண்டிசன் மாதிரி சொல்லீட்டானுங்க."

"நல்லதுங்க சார்."

சென்னியப்பன் மட்டையை மேசைமேல் வைத்தார். ஃபைனலில் தேய்ந்த நரம்பு நடுவில் அறுந்து தொங்கியது.

"இனி ஆடறதுக்கு எனக்கு எந்த ஸ்ட்ரிங் போடறதுங்க மாஸ்டர்? எத்தனை பவுண்டு? ஈயம் வேணுமா, வேண்டாமா?"

ரேணுகாதேவி அறுந்த நரம்பைக் கத்தரித்தார். மட்டையை எந்திரத்தில் பூட்டினார். அலமாரியைத் திறந்தார். எந்தச் சுருளையும் எடுக்காமல் அப்படியே திரும்பி அவரைப் பார்த்தார்.

"அடுத்து யாருகூட ஆடப் போறீங்க சார்?"